லிஃப்டில் விசாரித்த படிப்பு

மாமா கை கழுவினால் குழாயை மூட மாட்டார். முழங்கை வரை சோப்புப் போட்டு, விரலிடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவி முடித்ததும் இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். முழங்கையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டும். "பாப்பா, குழாயை மூடு" என்று குரல் கொடுப்பார்.

அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் குழாய்களுக்கு நீளமான கைப்பிடி உண்டு. முழங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் மூடிக்கொள்ளும். எங்கள் வீட்டில் இருந்தது திருகுக் குழாய்.

"கழுவின கையால திரும்ப அதையே தொட்டா கழுவினதுக்கு என்ன அர்த்தம்?" என்பார்.

"அப்ப என் கை அழுக்கானா பரவாயில்லையா?"

"நீ கழுவும்போது நான் வந்து மூடறேன்."

"அப்புறம் உன் கையை யார் கழுவறது?" என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்பாள். "இப்படியே போனா இந்த வீட்ல ஒருத்தரும் சோறு திங்க முடியாது."

இந்தப் பழக்கம் மாமா நர்ஸ் வேலையில் சேர்ந்த பிறகு வந்தது என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அப்படியில்லை. நான் ஸ்டூல் போட்டு ஏறித்தான் குழாயை எட்ட முடியும் என்ற வயதிலேயே மூடியிருக்கிறேன். அப்போது மாமா ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டிருந்தார்.

அவர் அம்மாவுக்கு ஒரே தம்பி. பள்ளிப் படிப்பை முடித்ததும் எங்கள் வீட்டுக்கு வந்தவர். அப்பா பார்சல் வேன் ஓட்டினார். அம்மா முன்னறையில் மிஷின் போட்டுப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்தாள். மிஷினுக்கும் சுவருக்கும் நடுவில் மிஞ்சிய இடத்தில் மாமாவின் கட்டில் இருந்தது. காலையில் எழுந்தால் தலையில் நூல் பிசிறு ஒட்டியிருக்கும். அதோடேயே வேலைக்குப் போய்விடுவார். நீல நூலா, வெள்ளை நூலா என்று பார்த்து, எந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தைக்கிறீர்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்பார்களாம்.

ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவரின் வேலையில் பாதி காத்திருப்பது. எக்ஸ்ரே அறை வாசலில் காத்திருக்க வேண்டும், ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருக்க வேண்டும். மற்றவர்கள் அந்த நேரத்தில் செல்போன் பார்ப்பார்கள். மாமா பேச்சுக் கொடுப்பார். படுத்திருப்பவரிடம், "இப்ப ஒரு மேடு வரும், லேசா குலுங்கும், பயப்படாதீங்க" என்று தரையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிக்கொண்டே தள்ளுவார். அந்தக் கட்டடத்தில் எங்கே எந்த ஓடு பெயர்ந்திருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம். வார்டில் கொண்டுபோய் விட்ட பிறகு உடனே திரும்பி வர மாட்டார். நர்ஸ்கள் என்ன செய்கிறார்கள் என்று கதவோரம் நின்று பார்ப்பார். பார்க்கப் பார்க்கத்தான் அந்த ஆசை வந்திருக்க வேண்டும். எப்போது வந்தது என்று கேட்டேன். "தெரியல பாப்பா. ஒரு நாள் திரும்பிப் பாத்தா இருந்துச்சு" என்றார்.

ஆசை வந்ததும் அவர் செய்ததுதான் வேடிக்கை. எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை, எந்த விளம்பரத்தையும் பார்க்கவில்லை. லிஃப்டில் விசாரிக்க ஆரம்பித்தார்.

அது இழுகதவு வைத்த பழைய லிஃப்ட். தரைத்தளத்திலிருந்து மேல்மாடிக்குப் போவதற்குள் ஒரு கேள்வி கேட்டு ஒரு பதில் வாங்கிவிடலாம். அதை இயக்கியவரை ஆஸ்பத்திரி முழுக்க 'மேலகீழ அண்ணன்' என்றுதான் கூப்பிட்டார்கள். யார் ஏறினாலும், "மேலயா, கீழயா?" என்பதைத் தவிர அவர் வேறெதுவும் கேட்டதில்லை. மாமா ஸ்ட்ரெச்சரோடு ஏறும்போது கூடவே ஒரு நர்ஸும் ஏறுவார். "சிஸ்டர், நீங்க எங்க படிச்சீங்க?" என்பது மாமாவின் முதல் கேள்வி. அதே நர்ஸ் மறுபடி ஏறினால், "எவ்வளவு செலவாச்சு?" மூன்றாம் முறை, "முடிச்சதும் வேலை யார் குடுத்தாங்க?"

சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அப்போது மேலகீழ அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு, "அவன் கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டு எறங்குங்க சிஸ்டர். இல்லன்னா திரும்பக் கீழ போயிடுவோம்" என்பாராம்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் நான் வாங்கியது. நான் அந்தப் படிப்பில் சேர்ந்ததற்குக் காரணம், பக்கத்து பெஞ்சுத் தோழி சேர்ந்தாள் என்பதுதான். இதை முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று முடித்த ஒருவரிடமாவது கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மாமாவுக்கு மட்டும் எப்படித் தோன்றியது? ஒருவேளை, தவறினால் இன்னொரு தரம் கிடையாது என்று தெரிந்தவர்கள்தான் அப்படிக் கேட்பார்களோ என்னவோ.

ஆனால் ஊர் வாய் சும்மா இருக்குமா? கல்யாணமாகாத ஓர் ஆள், வயது வந்த பெண்களிடம் எங்கே படித்தாய், எவ்வளவு செலவழித்தாய், என்ன சம்பளம் என்று லிஃப்டுக்குள் வைத்துக் கேட்டால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். மாமா பெண் பார்க்கிறார் என்று ஆஸ்பத்திரி முடிவு கட்டிவிட்டது. தலைமை நர்ஸை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். அவர் மாமாவை மருந்து அறைக்குக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"என்னப்பா, எங்க பொண்ணுங்களை லிஃப்ட்ல வெச்சு இன்டர்வியூ எடுக்கறியாமே? பொண்ணு பாக்கறதுன்னா வீட்ல பெரியவங்களைக் கூட்டிட்டு வா. சம்பளம் எவ்வளவுன்னு முதல்லயே கேட்டா யார் கட்டிக்குவா உன்னை?"

"ஐயோ சிஸ்டர்! பொண்ணு பாக்கல. நர்ஸ் படிப்புக்கு விசாரிக்கறேன்."

"யாருக்கு? தங்கச்சிக்கா?"

"நான் படிக்கறதுக்கு."

சிரிப்பார் என்று மாமா எதிர்பார்த்தாராம். பெரிய சிஸ்டர் சிரிக்கவில்லை. வயதைக் கேட்டார். சொன்னதும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "நம்ம நர்ஸிங் ஸ்கூல்ல சேர்றதா இருந்தா உனக்கு இந்த வருஷம்தான் கடைசி. தெரியுமா?" என்றார்.

மாமாவுக்கு அது தெரியாது.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்தபோது அம்மா முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள். ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் அக்கா ஒருத்தி, மகனின் யூனிஃபார்ம் வாங்க வந்தவள், செய்தியை அதற்குள் போட்டுவிட்டுப் போயிருந்தாள். அம்மா டேப்பை எடுத்து மாமாவின் தோளை அளக்கவே ஆரம்பித்துவிட்டாள்.

"யார்ரா அந்தப் பொண்ணு? எந்த வார்டு? சும்மா சொல்லு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"அக்கா, பொண்ணும் இல்ல ஒண்ணும் இல்ல. நான் நர்ஸுக்குப் படிக்கப் போறேன்."

டேப் அப்படியே தொங்கியது. அப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். "மாப்ள, ஆம்பளைங்க நர்ஸாகலாமா?"

"ஆகலாம் மச்சான். எங்க ஆஸ்பத்திரியிலயே ரெண்டு பேர் இருக்காங்க."

"அவங்களை எப்படிக் கூப்பிடுவாங்க? பிரதரா?"

"எல்லாரும் சிஸ்டர்னுதான் கூப்பிடறாங்க. அவங்களும் திரும்பிப் பாக்கறாங்க."

அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. சிரித்து முடித்ததும்தான் கணக்கு வந்தது. லிஃப்ட் விசாரணையில் மாமாவுக்கு மூன்று வழிகள் தெரியவந்திருந்தன. தனியார் கல்லூரியில் பட்டப்படிப்பு ஒன்று. அதை மாமாவே பேச்சிலிருந்து தள்ளிவிட்டார். அந்தச் செலவைச் சொன்ன நர்ஸின் அப்பா வீட்டை விற்றிருந்தார், எங்களுக்கு விற்க வீடு இல்லை. இரண்டாவது, கடைத்தெருவில் மொபைல் கடைக்கு மேலே இருந்த பயிற்சி நிலையம். மாலை வகுப்பு, ஒரே வருஷம், வேலையை விட வேண்டாம், தவணையில் கட்டலாம். மூன்றாவது, ஆஸ்பத்திரியின் சொந்த நர்ஸிங் பள்ளி. கட்டணம் பேருக்குத்தான், கைச்செலவுக்கும் கொஞ்சம் தருவார்கள். ஆனால் மூன்று வருஷம் முழுநேரப் படிப்பு. வேலையை விட வேண்டும். முடித்த பிறகு ஐந்து வருஷம் அவர்கள் அனுப்புகிற ஊரில் வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஆண்களுக்கு இருந்ததும் சில இடங்கள்தான்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? மாடிப் படிப்புதான்" என்றார் அப்பா. "சம்பளமும் வரும், படிப்பும் முடியும். எதுக்கு மூணு வருஷம் உக்காந்து..."

உக்காந்து தின்னணும் என்று முடிக்க வந்தவர், அம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்பா சொன்னது நியாயம்தான் என்று மாமாவுக்கும் தோன்றியிருக்கிறது. மறுநாளே மாடிப்படி ஏறினார்.

இலவசமாக ஒரு மாதிரி வகுப்புக்கு உட்கார வைத்தார்கள். கட்டிலில் ஆள் உயரத்துக்கு ஒரு ரப்பர் பொம்மை கிடந்தது. படுத்தபடுக்கையாக இருக்கும் நோயாளியை எப்படிப் புரட்டுவது என்று காட்டிவிட்டு, மாமாவைச் செய்யச் சொன்னார்கள். மாமா பொம்மையின் தோளில் கை வைத்து, "ஐயா, இப்ப உங்களை இந்தப் பக்கம் திருப்பப் போறேன். வலிச்சா சொல்லுங்க" என்றார்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. சொல்லிக் கொடுத்தவரும் சிரித்துவிட்டு, "அது பொம்மைப்பா. அதுகிட்ட எதுக்குப் பேச்சு?" என்றார்.

மாமாவும் சிரித்தாராம். சிரித்துக்கொண்டே, "சரி சார், நெஜ ஆளை எப்பத் தருவீங்க?" என்று கேட்டார்.

"நெஜ ஆளா?"

"வார்டுக்கு எப்பக் கூட்டிட்டுப் போவீங்க?"

"அதெல்லாம் வேலைக்குப் போற எடத்துல கத்துக்குவீங்க. இங்க வீடியோ போட்டுக் காட்டுவோம்."

இது உறுத்தியது என்றாலும் முடிவெடுக்கப் போதவில்லை. சம்பளம் கைக்கு வந்துகொண்டே இருக்கும் என்பது சின்ன விஷயமா? அடுத்த வாரம், ஒரு கிளினிக்கிலிருந்து நோயாளியை அழைத்துக்கொண்டு வந்த ஒரு பெண் லிஃப்டில் ஏறினாள். வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தாள். மாமா வழக்கமான கேள்வியைக் கேட்டார். அவள் மொபைல் கடை மாடியில் படித்தவள்.

"நல்லா சொல்லிக் குடுத்தாங்கண்ணே. பொய் சொல்லக் கூடாது. ஆனா இங்க வேலைக்குக் கேட்டா, இந்தச் சர்டிபிகேட் நர்ஸ் பதிவுக்கு ஆகாதுங்கறாங்க. கிளினிக்ல எல்லா வேலையும் நான்தான் பாக்கறேன். கையெழுத்து மட்டும் வேற ஆள். ஸ்கூல்ல சேரலாம்னு பாத்தா வயசு தாண்டிடுச்சு."

லிஃப்ட் மேல்மாடியில் நின்றது. அவள் இறங்கிப் போனாள். மாமா ஸ்ட்ரெச்சரை வெளியே தள்ளாமல் நின்றார்.

"என்னப்பா, மேலயா, கீழயா?" என்றார் மேலகீழ அண்ணன்.

"மேலதாண்ணே" என்று மாமா சொன்னாராம். இதை இன்றைக்கும் ஏதோ பெரிய வசனம் பேசிவிட்டதைப் போலச் சொல்லிக் காட்டுவார். மேல்மாடியில் நின்றுகொண்டு மேலே என்றால் எங்கே போவது என்று அண்ணன் திட்டியதையும் சேர்த்தே சொல்வார்.

அன்றைக்கு வீட்டில் மாமா அந்தப் பெண் சொன்னதை மட்டும் சொன்னார். அப்பா சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப அந்த மாடிப் படிப்புதான் செலவு அதிகம்னு சொல்லு" என்றார். அம்மா, "நான் இன்னொரு பள்ளிக்கூடத்துக்கும் தைக்கறேன். நீ ஆஸ்பத்திரி ஸ்கூல்லயே போய்ச் சேரு" என்றாள். அப்பா எழுந்து கை கழுவி முடித்தபோது, அவர் கேட்காமலேயே நான் குழாயை மூடினேன்.

சேர்வதற்குத் தேர்வும் நேர்காணலும் ஒரே நாளில் இருந்தன. அது ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிறு மாமாவுக்கு டூட்டி. ஆள் பற்றாக்குறையால் லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். போகாமல் விட்டால் வயது தாண்டிவிடும். சொல்லாமல் போனால், தேர்வில் தவறும் பட்சத்தில் ஸ்ட்ரெச்சரும் போய்விடும்.

வார்டு ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. டூட்டியை ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வார்கள். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. ஆனால் ஒரு நாளுக்கு ஒரு நாள் என்று கணக்குச் சரியாக இருக்க வேண்டும். செவ்வாய்க்குச் செவ்வாய்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை, புதன் கொடுத்தாலும் எடுத்துக்கொள்வார்கள். ஞாயிறு மட்டும் தனி. ஞாயிறுக்கு ஞாயிறுதான். வாங்கிய ஞாயிறைத் திருப்பித் தராதவனுக்கு அடுத்த முறை யாரும் முகம் கொடுக்க மாட்டார்கள்.

அந்த ஞாயிறு விடுப்பு இருந்தது மேலகீழ அண்ணனுக்கு மட்டும்தான். மாதத்தில் அவருக்குக் கிடைக்கும் ஒரே ஞாயிறு. மாமா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"போயிட்டு வா. வண்டியை நான் தள்ளறேன்" என்றார் அவர். "ஆனா எனக்கு ஞாயித்துக்கெழமையாத்தான் வேணும். வேற நாள் குடுத்தா வாங்க மாட்டேன்."

மாமாவுக்கு இடம் கிடைத்தது. உடனே சேர வேண்டும் என்றார்கள். அடுத்த ஞாயிறு வருவதற்குள் அவர் ஸ்ட்ரெச்சர் வேலையை விட்டு மாணவராகிவிட்டார். மாணவர் லிஃப்ட் டூட்டி பார்க்க முடியாது. கடன் அப்படியே நின்றது.

மாமாவின் யூனிஃபார்மை அம்மாதான் தைத்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வெட்டு பள்ளிக்கூடப் பையன் சட்டை. அதையே பெரிதாக வெட்டிவிட்டாள். போட்டுக்கொண்டு வந்து நின்றவரைப் பார்த்து, "டிபன் பாக்ஸ் எடுத்துக்கிட்டியா கண்ணு?" என்றார் அப்பா. தெருவில் 'ஊசி' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆளே ஒரு நாள் காய்ச்சலில் கிடந்தபோது, "ஊசி இருக்காரா?" என்று மரியாதையாக ஆள் அனுப்பினார்.

அந்த மூன்று வருஷமும் எங்கள் வீட்டில் மிஷின் சத்தம் ஓய்ந்ததாக எனக்கு நினைவில்லை. நான் பாடம் படித்ததே அந்தச் சத்தத்தில்தான். மாமா தன் பாடத்தை எங்கள் மேல் படித்தார். அப்பாவின் கையில் கட்டுப் போட்டுப் பழகிக்கொண்டிருக்கும்போது வேன் முதலாளியிடமிருந்து போன் வரும். கட்டுப் போட்ட கையை நீட்டிக்கொண்டு அப்பா பல்லால் பட்டனை அழுத்தப் பார்ப்பார். நாங்கள் மலிவான வழி என்று சொல்லித்தான் அதைத் தேர்ந்தெடுத்தோம். அது மலிவுதான். ஆனால் அம்மாவின் கழுத்து இன்றும் ஒரு பக்கமாகத்தான் திரும்புகிறது. அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவிடம் கேட்டால், "போடி, வேலையைப் பாரு" என்கிறாள்.

படிப்பு முடிந்தது. எழுதிக் கொடுத்தபடி மாமாவை வெகுதூரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அவர் போன பிறகுதான் அம்மா திருகுக் குழாயைக் கழற்றிவிட்டு, தட்டினால் மூடும் குழாய் போட்டாள். லீவில் வந்தவர் அதை முழங்கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு கை கழுவினார். கழுவி முடித்து, கைகளைத் தூக்கிக்கொண்டு, "பாப்பா, குழாயை மூடு" என்றார்.

அந்த லீவில் ஒரு ஞாயிறு வந்தது. காலையிலேயே சாதாரணச் சட்டையைப் போட்டுக்கொண்டு மாமா பழைய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். கடனை அடைக்கத்தான். பழைய லிஃப்டை எடுத்துவிட்டுப் பட்டன் லிஃப்ட் போட்டிருந்தார்கள். மேலகீழ அண்ணனை வாசலில், பார்வையாளர்களுக்குச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கும் நாற்காலிக்கு மாற்றியிருந்தார்கள். "எழுந்திருண்ணே, வீட்டுக்குப் போ. இன்னிக்கு நான் கிழிக்கறேன்" என்று மாமா அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய சிஸ்டர் வந்தார்.

"நீயா? லீவா? வார்டுல ரெண்டு பேர் வரல, நான் தலையைப் பிச்சுக்கிட்டு நிக்கறேன். ஊசி போடற கையை வெச்சுக்கிட்டுச் சீட்டுக் கிழிச்சிட்டிருக்கே! ஆபீஸ்ல நான் சொல்லிக்கறேன், எழுந்து வா மேல."

மாமா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். "போ, போ. இதுக்குத்தானே படிச்சே" என்றார். மாமா இறங்கி வந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. மறுநாள் அவர் ஊருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவருக்கு லீவு கிடைத்தபோதெல்லாம் அண்ணனுக்கு ஞாயிறு டூட்டி இல்லை. அண்ணனுக்கு டூட்டி இருந்தபோது மாமாவுக்கு லீவு இல்லை.

போன மாதம் அம்மாவைக் கழுத்து வலிக்காக அங்கே கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் சீட்டு வாங்கும்போது யாருடைய அக்கா மகள் என்று சொன்னேன். மேலகீழ அண்ணன் கண்ணாடியைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"உங்க மாமா எனக்கு ஒரு ஞாயித்துக்கெழமை பாக்கி. தெரியுமா?"

"தெரியும். அன்னிக்கு உங்களுக்கு ஏதாவது முக்கியமான வேலை இருந்துச்சா?"

"ஒரு வேலையும் இல்ல. தூங்கலாம்னு இருந்தேன்" என்றார். "அந்தத் தூக்கம் இன்னும் கண்ணுலயே நிக்குதும்மா."

எனக்கு என்னவோ போலிருந்தது. வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கு எல்லா நாளும் ஞாயிறுதான். "நான் வேணா ஒரு நாள் வந்து உக்காரட்டுமா? சீட்டுக் கிழிக்க எனக்கும் தெரியும்" என்றேன்.

அவர் எங்கள் இருவருக்கும் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"உனக்கா குடுத்தேன்? அவன்கிட்டச் சொல்லு. நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள வரணும்னு சொல்லு. லிஃப்ட் அந்தப் பக்கம். மேலயா, கீழயா?"